கார் நுழையாத தெரு

சனிக்கிழமை, எழும்பூர். ரயில் நின்றபோது இன்னும் சரியாக விடியவில்லை என்று மெர்லின் சொன்னாள். எனக்கு அது பெரிய செய்தி அல்ல. எட்டு வருடமாக எனக்கு விடிவதும் இருட்டுவதும் சத்தத்தில்தான். கண்ணில் அழுத்தம் கூடும் நோய் இரண்டு கண்ணையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று முடித்துவிட்டது. கண் தெரியாதவன் பயணக் கட்டுரை எழுதலாமா என்று கேட்கிறவர்கள் தாராளமாகப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகலாம். கார் கண்ணாடி வழியாக ஊரைப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறவர்களுக்கு நான் ஒன்றும் குறைந்தவன் இல்லை. நான் ஊருக்குள் நடக்கிறேன். நடக்க முடியாத இடத்தில் முட்டிக்கொள்கிறேன். அதுவும் ஊரைத் தெரிந்துகொள்ளும் ஒரு வழிதான்.

நாங்கள் மூன்று பேர். நான், என் மனைவி ஜெசிந்தா, பதிமூன்று வயது மகள் மெர்லின். ஊர் திண்டுக்கல். ஜெசிந்தா வேலை பார்க்கும் கம்பெனி அங்கிருந்த கிளையைச் சுருக்கிக்கொண்டு அவளை அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு மாற்றிவிட்டது. வீட்டில் சம்பளம் வாங்குவது அவள் ஒருத்திதான். நான் பேசும் கணினியை வைத்துக்கொண்டு சின்னப் பத்திரிகைகளுக்கு எழுதுகிறவன், அதில் வரும் காசைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது. ஜூன் தொடக்கத்தில் அவள் வேலையில் சேர வேண்டும், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வேண்டும். அதற்குள் வீடு பார்க்க எங்களுக்குக் கிடைத்தது இந்தச் சனி, ஞாயிறு மட்டும்.

ஜெசிந்தாவுக்கு வேண்டியது கம்பெனி வேன் வரும் பாதையில் ஒரு வீடு. வேன் ஆவடி வழியாகவும் வரும், பூந்தமல்லி வழியாகவும் வரும். மெர்லினுக்கு வேண்டியது வேகமான இணையம். எனக்கு வேண்டியது தனியாக நடந்துபோய் ஒரு டீ குடித்துவிட்டுத் தனியாகவே திரும்பி வரக்கூடிய ஒரு தெரு.

இது ஆடம்பரமாகத் தோன்றலாம். திண்டுக்கல்லில் ரத வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தோம். டீக்கடை, சலூன், மாதா கோயில் எல்லாம் என் வெள்ளைக்கோலுக்கு மனப்பாடம். செருப்பை மாட்டும் சத்தம் கேட்டாலே ஜெசிந்தா அடுப்படியிலிருந்து “எங்க போறீங்க?” என்பாள். டீக்கடை என்பேன், பூசைக்கு என்பேன், சும்மா என்பேன். கைதியை விசாரிப்பதுபோல என்ன கேள்வி இது என்று எரிச்சலாக வரும். ஆனால் தெருவே இல்லாத ஊருக்குப் போய்விட்டால் வாசலைத் தாண்ட எனக்கு மெர்லினின் தோள் வேண்டும். பள்ளிக்குப் போக வேண்டிய, சிநேகிதிகளோடு ஊர் சுற்ற வேண்டிய பிள்ளையின் தோளில் கையை வைத்துக்கொண்டு மிச்ச ஆயுளை ஓட்ட நான் தயாராக இல்லை. அந்தப் பயம்தான் எனக்கு. மற்றதெல்லாம் சமாளித்துக்கொள்ளலாம்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. புறப்படும் முன்பே ஜெசிந்தா சில வீட்டு ஓனர்களிடம் போனில் பேசியிருந்தாள். “என் வீட்டுக்காரருக்குக் கண் தெரியாது” என்று நேர்மையாகச் சொன்னதும் எல்லோரும் ரொம்ப மரியாதையாக “யோசிச்சுச் சொல்றோம்மா” என்றார்கள். ஒருவரும் யோசித்து முடிக்கவில்லை. ஆகவே ரயிலில் வரும்போது அவள் ஒரு முடிவு எடுத்திருந்தாள்.

“ஓனர் முன்னாடி ஸ்டிக்கு வெளிய வரக்கூடாது. எம் பைல இருக்கட்டும். நீங்க மெர்லின் தோள்ல கையப் போட்டுட்டு வாங்க, பாக்கறவங்களுக்குப் பாசமா இருக்கற மாதிரி தெரியும். யார் பேசறாங்களோ அந்தப் பக்கம் மூஞ்சியத் திருப்புங்க. பொய் சொல்ல வேணாம். சொல்லாம இருந்தாப் போதும்.”

“அப்புறம் குடிவந்த பெறகு தெரியாதா?”

“குடிவந்த பெறகு தெரியட்டும். அட்வான்ஸ் வாங்கிட்டு யாரும் சாமானத் தூக்கித் தெருவுல வைக்க மாட்டாங்க.”

என் கண்கள் பார்ப்பதற்குச் சாதாரணமாகத்தான் இருக்கும் என்பார்கள். மனைவி சொன்னதை வைத்து நம்பிக்கொண்டிருக்கிறேன்.

எழும்பூரிலிருந்து சென்ட்ரல் வந்து, திருவள்ளூர் போகும் மின்சார ரயிலில் ஏறினோம். பேசின் பிரிட்ஜில் சாக்கடை நாற்றம், வில்லிவாக்கத்தில் பூக்கூடை, பட்டரவாக்கம் வந்ததும் இரும்பு அறுக்கும் வாசனை. எட்டு மணிக்கெல்லாம் அம்பத்தூர். டிக்கெட் பத்து ரூபாய்தான், அந்தப் பயணம் முழுவதிலும் மலிவாகக் கிடைத்தது அது ஒன்று.

ஸ்டேஷன் வாசலில் டில்லி காத்திருந்தார். வீட்டுத் தரகர். அவரிடம் மட்டும் ஜெசிந்தா என் விஷயத்தைச் சொல்லியிருந்தாள். “அத்தப் பத்தி நீ கவலப்படாதக்கா. ஓனர் முன்னாடி நான் ஒண்ணியும் வாயத் தொறக்க மாட்டேன்” என்று அவர் சத்தியம் செய்திருந்தார். என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பெட்ரோல் வாடை அடித்தது.

“மொத ஊடு இங்கதான் சார். ஸ்டேசன்லேர்ந்து வாக்கபிள்.”

“எவ்வளவு தூரம்?”

“வண்டில அஞ்சு நிமிசம்.”

“வாக்கபிள்னா நடக்கற தூரம்தானே?”

“ஆமா சார். அதான் சொல்றேன்ல, வண்டில அஞ்சு நிமிசம்.”

சென்னையின் மேற்குப் பக்கத்தில் இந்தச் சொல்லுக்கு அதுதான் பொருள் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். ‘வாக்கபிள்’ என்றால் நடப்பதற்கு இல்லை, விளம்பரத்துக்கு. வருகிறவர் எல்லோரும் வீட்டை பைக்கில் வந்து பார்க்கிறார்கள். நான் நடந்துதான் வருவேன் என்றதும் டில்லி தன் வண்டியை அங்கேயே பூட்டிவிட்டு எங்களோடு நடந்தார். நடந்து வீடு காட்டுவது இதுதான் முதல் தடவை என்று சிரித்தார்.

தெருவில் பத்துத் தப்படி போகவில்லை, கோல் எதிலோ முட்டியது. சிமெண்ட் சரிவு. வீட்டு வாசலிலிருந்து தெருவுக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. சுற்றிக்கொண்டு போனேன். அடுத்த வீட்டிலும் ஒன்று, இன்னும் நீளமாக. அதற்கடுத்த வீட்டில் சரிவு, கூடவே படி. ஓரமாக நடக்க முயன்றால் கணுக்காலில் அடி, விலகி நடந்தால் நடுரோடு. நடுரோட்டில் பைக்குகள் காதைத் தொட்டுக்கொண்டு போயின. ஒரு படியின் முனையில் முழங்காலுக்குக் கீழே நன்றாக வாங்கிக்கொண்டேன். மெர்லின் “அப்பா, ரத்தம்” என்றாள்.

டில்லி தன் கைக்குட்டையைக் கொடுத்துவிட்டு விளக்கம் சொன்னார். “ரோடு போடசொல்ல பழைய ரோட்ட பேத்து எடுக்கறது கெடியாது சார். அது மேலயே போட்டுகினு போறானுங்க. ரோடு ஏறிகினே கீது, ஊடு பள்ளத்துல பூடுது. மழ வந்தா தண்ணி நேரா உள்ள. அதான் ஊட்ட தூக்கறாங்க, ஜாக்கி வெச்சி.”

“வீட்டையா?” என்றாள் மெர்லின்.

“ஆமா பாப்பா, லாரிய தூக்கற மாரி. தூக்கனப்பறம் வண்டி உள்ள ஏறணும்ல? அதுக்குத்தான் இந்த சரிவு. ஊட்டுக்கு ஒண்ணு கீது.”

தெருவில் ஒவ்வொருவரும் தன் வீட்டை மட்டும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள். அதில் தப்பு என்ன இருக்கிறது, தண்ணீர் வந்தால் யார் வீட்டில் படுப்பது? ஆனால் எல்லோரும் காப்பாற்றிக்கொண்ட பிறகு தெரு என்று ஒன்று மிச்சமில்லை. வீட்டுக்குள் போகாமலே திரும்பினோம். இதே லட்சணத்தில் அம்பத்தூரில் இன்னும் இரண்டு தெருக்கள் பார்த்தோம்.

மதியம் ஆவடி, சேக்காடு. வீடு நன்றாக இருந்தது என்று ஜெசிந்தா சொன்னாள். என் பங்குக்கு நான் நடித்துக் காட்டினேன். மெர்லினின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு உள்ளே போய், ஓனரம்மாவின் குரலைப் பார்த்துச் சிரித்து, காற்று நன்றாக வருகிறது என்று பாராட்டினேன். காபி டம்ளரை மெர்லின் சரியாக என் விரலுக்குள் வைத்தாள். திண்டுக்கல் சிறுமலை வாழைப்பழம் பற்றிப் பத்து நிமிடம் பேசினேன். அந்த அம்மாவுக்குக் கடைசிவரை தெரியவில்லை. வெளியே வந்ததும் மெர்லின் என் கையைக் கிள்ளி, “சூப்பர்ப்பா” என்றாள். எனக்கு அவமானமாக இருந்தது. பிள்ளைக்குத் திருட்டுத்தனம் சொல்லிக்கொடுத்ததற்காக இல்லை, அது அவளுக்கு இவ்வளவு நன்றாக வந்ததற்காக.

அந்த வீட்டை விட்டதற்குக் காரணம் வேறு. மளிகை, டீக்கடை, மருந்துக்கடை எல்லாம் மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம். நடுவில் தடுப்புச் சுவர். திறப்பு எங்கே என்று கேட்டதற்கு, ரொம்ப தூரம் தள்ளி இருக்கிறது, ஆனால் யாரும் அங்கே போவதில்லை, எல்லோரும் ஏறிக் குதித்துத்தான் போகிறார்கள் என்றார் டில்லி. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே புடவை உரசும் சத்தத்தோடு ஒரு அம்மா, “பையப் புடி, பையப் புடி” என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு குதித்தார்.

வெயில் தணிந்த பிறகு வெள்ளானூர். ஆவடியிலிருந்து ஆட்டோவில் இருநூற்று ஐம்பது ரூபாய். பாதிவழிக்கு மேல் கடைச் சத்தமே இல்லை. மண் லாரிகளும் காற்றும்தான். ஏரி இருந்த இடம், வயல் இருந்த இடம் என்று ஆட்டோக்காரர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். மதில் சுவருக்குள் அடுக்குமாடி. வாசலில் காவலாளி, உள்ளே பராமரிப்பு மேனேஜர் என்று ஒருவர், வாய் நிறைய ஆங்கிலம்.

இங்கே நாங்கள் நடிக்கவில்லை. ஓனர் வெளிநாட்டில் இருப்பதால், வாடகை விடுவது மேனேஜர் பொறுப்பு. நான் கோலோடு இறங்கியதும் அவர் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சாருக்கு இத விட சேஃப்பான எடம் கெடைக்காது மேடம். லிஃப்ட்டு இருக்கு, அது ஃப்ளோர் நம்பரக் கூட பேசும். வாக்கிங் டிராக் இருக்கு, நாலு பிளாக்கையும் சுத்தி. டைல்ஸ் போட்டது. ஒரு வண்டி உள்ள வராது. ஃபுல்லி வாக்கபிள் கம்யூனிட்டி.”

“பக்கத்துல டீக்கடை இருக்கா?” என்று கேட்டேன்.

“டீயா சார்? ஆப்புல போட்டா வாசலுக்கே வரும்.”

“நான் போய்க் குடிக்கணும்.”

அவர் ஜெசிந்தாவிடம், “வெளிய ஜங்ஷன்ல ஒண்ணு இருக்கு மேடம், ரெண்டு கிலோமீட்டர் இருக்கும். ஆனா அந்த ரோட்டுல நடக்க முடியாது. நாங்களே நடக்க மாட்டோம்” என்றார். நான் கேட்டதற்கு அவளிடம் பதில் சொல்வது பலருக்கும் உள்ள பழக்கம். கண் போனால் காதும் போய்விடும் என்று நினைக்கிறார்கள்.

அன்று இரவு ஆவடியில் ஒரு லாட்ஜில் தங்கினோம். ஜெசிந்தாவுக்கு வெள்ளானூர் பிடித்துவிட்டது. வேன் கேட்டுக்கே வரும், மெர்லின் பள்ளி பஸ்ஸும் வரும், மதிலுக்குள் பயமில்லை. அவள் சொன்னதில் ஒன்றும் பொய் இல்லை. “எனக்கு டிராக்கு வேண்டாம், தெரு வேணும்” என்றேன். “தெருவுக்கு எங்க போறது நான்?” என்றாள். அவள் குரலில் கோபத்தைவிடக் களைப்புதான் அதிகம் இருந்தது. நாள் முழுக்க வெயிலில் அவளும்தான் நடந்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை டில்லியிடமிருந்து போன் வந்தது. “அண்ணாத்தே, பூந்தமல்லில ஒரு ஊடு கீது. நான் நேத்தே சொல்லல, ஏன்னா அந்தத் தெருவுல காரு பூராது. அதனால காமிக்கற பார்ட்டிலாம் வாணான்னு பூடறான். உனுக்கு காரா கீது? வந்து பாரு.”

ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்குப் பஸ், பத்து கிலோமீட்டர் இருக்கும். டிரங்க் ரோட்டில் மெட்ரோ தூண்களுக்குப் பக்கத்தில் இறங்கிப் பழைய ஊருக்குள் திரும்பினோம். இரண்டாவது திருப்பத்தில் டில்லி, “இதான் தெரு” என்றார்.

சத்தம் மாறியது. இரண்டு பக்கமும் சுவர்கள் நெருக்கமாக இருந்ததால் என் காலடி எனக்கே திரும்பக் கேட்டது. கோலை ஓரத்தில் தட்டினேன். சுவர். மறுபடி தட்டினேன். சுவர்தான். பிறகு ஒரு கல்படி, தெருவுக்கு ஒரு சாண்கூட வராத படி. மறுபடி சுவர். கார் வராத தெருவில் யார் சரிவு கட்டப்போகிறார்கள்? இடது பக்கம் ஒரு தையல் மெஷின், கொஞ்ச தூரத்தில் மாவு மில், அதைத் தாண்டி யாரோ பாத்திரத்துக்கு ஈயம் பூசும் நெடி, கடைசியில் பள்ளிவாசல் என்று மெர்லின் சொன்னாள். டீக்கடை எங்கே என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஏலக்காய் வாசனை தெரு நடுவில் நின்றிருந்தது. வேண்டுமென்றே இன்னொரு தடவை சுவரைத் தட்டிப் பார்த்தேன்.

வீட்டருகே கோல் மடிந்து ஜெசிந்தாவின் பைக்குள் போனது. நான் மெர்லினின் தோளைப் பிடித்துக்கொண்டேன். கீழ்ப்பகுதி வாடகைக்கு, மாடியில் ஓனர். ஐசக் சார் என்று டில்லி அறிமுகப்படுத்தினார். ஓய்வு பெற்றவர், நிதானமான குரல்.

“கிறிஸ்டியன்ஸ்னு டில்லி சொன்னான். சி.எஸ்.ஐ.யா?”

“ஆர்.சி. சார்” என்றாள் ஜெசிந்தா.

“பரவால்ல, ஆர்.சி.ன்னாலும் நம்ம ஆளுங்கதான்” என்று சிரித்தார். நானும் அந்தச் சிரிப்பைப் பார்த்துச் சிரித்தேன். வாடகை எங்கள் கைக்கு அடங்குவதாக இருந்தது. ஜெசிந்தா சமையலறைக் குழாயைத் திறந்து பார்த்தாள். தண்ணீர் நன்றாக விழுந்தது. “சர்ச்சுல கமிட்டி மீட்டிங் இருக்கு. மூணு மணிக்கு வாங்க, அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமெண்ட் போட்டுக்கலாம்” என்று ஐசக் சார் என் தோளைத் தட்டிவிட்டுப் புறப்பட்டார். முடிந்தது என்று டில்லி என் காதில் சொன்னார்.

மூன்று மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. நசரத்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளியை வெளியிலிருந்தாவது பார்த்துவிட்டு வருகிறோம் என்று ஜெசிந்தாவும் மெர்லினும் டில்லியோடு கிளம்பினார்கள். என்னை டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, கோலை என் மடியில் வைத்தாள் ஜெசிந்தா. “இங்கயே இருங்க” என்றாள்.

டீ பதினைந்து ரூபாய். கடைக்காரர் பாய், என் வயதுதான் இருக்கும்.

“இன்னா சார், புச்சா வர்றீங்களா?”

“வரலாம்னு இருக்கோம். ஐசக் சார் வீட்டுக்கு.”

“வாங்க வாங்க. இந்தத் தெருவுல ஒரே ஒரு ரூல்தான் சார். மில்லுகாரன் கரண்ட்டு போச்சுன்னா எல்லாரையும் கூப்ட்டு ஒக்கார வெச்சி கத பேசுவான். தப்பிக்க முடியாது.”

பக்கத்தில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவர் நகர்ந்து என் டம்ளரை வைக்க இடம் காட்டினார், “உங்க வலது கை பக்கம் வெச்சிக்கீறேன் சார்” என்று. கையைப் பிடித்து இழுக்கவில்லை, பாவம் என்று யாரும் உச்சுக் கொட்டவில்லை. நான் இன்னொரு டீ சொன்னேன்.

அப்புறம் எழுந்தேன். எழுந்திருக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் இரண்டு நாளாக மற்றவர் தோளிலும் முழங்கையிலும் தொங்கிக்கொண்டிருந்தவனுக்கு முன்னால் ஒரு தெரு கிடந்தது. கோலை உதறி நீட்டினேன். தையல் மெஷினைத் தாண்டினேன், மில்லைத் தாண்டினேன், ஈய நெடி வந்தது, போனது. எதிரே வந்த சைக்கிள் மணியடித்து ஒதுங்கியது. பள்ளிவாசலில் கை கால் கழுவும் தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் திரும்பினேன். மறுபடியும் அதே வரிசை, தலைகீழாக. ஒரு இடத்திலும் முட்டவில்லை. நாளைக்கு நான் இங்கே சலூனைக் கண்டுபிடிப்பேன், நாளை மறுநாள் பஸ் ஸ்டாப்பை. கர்வமாக இருந்தது. எங்கள் வீட்டு வாசலையும் தனியாகவே கண்டுபிடித்துவிட வேண்டும் என்று தோன்றியது. ‘எங்கள்’ வீடு. சுவரைத் தட்டிக்கொண்டே போய், இரண்டு படியும் இரும்புக் கிராதியும் இருந்த வாசலைக் கையால் தொட்டேன். சரியான வாசல்தான்.

“நீங்களா?”

ஐசக் சாரின் குரல் எனக்குப் பின்னால் கேட்டது. மீட்டிங் சீக்கிரம் முடிந்திருக்க வேண்டும். நான் குரலின் பக்கம் முகத்தைத் திருப்பிச் சிரித்தேன். பழக்கதோஷம். கையில் கோல் நீட்டிக்கொண்டிருந்தது.

“காலைல... உங்களுக்கு... சுத்தமாத் தெரியாதா?”

“தெரியாது சார். ஆனா தெருவெல்லாம் தனியாவே போய்ட்டு வந்துட்டேன், இப்பத்தான். பள்ளிவாசல் வரைக்கும்” என்றேன். பரீட்சையில் நல்ல மார்க் வாங்கிய பிள்ளை மாதிரி சொன்னேன். இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

ஜெசிந்தா திரும்பி வரும்வரை அவர் என்னைப் படியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். கெட்ட மனிதர் இல்லை. கெட்ட மனிதராக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். அவள் வந்ததும் அவளிடமே பேசினார்.

“தப்பா எடுத்துக்காதீங்கம்மா. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். நீங்க வேலைக்குப் போய்டுவீங்க, பாப்பா ஸ்கூலுக்குப் போயிடும். சார் தனியா. கேஸ் அடுப்பு இருக்கு, மோட்டார் ஸ்விட்ச் இருக்கு. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நான் கர்த்தருக்கு என்ன பதில் சொல்வேன்?”

“நான் வேலைக்குப் போற நேரத்துல அவர்தான் சார் சமையலே” என்றாள் ஜெசிந்தா.

“இல்லம்மா. மனசு கேக்கல. அதோட, காலைலயே சொல்லியிருக்கலாம் நீங்க. மறைச்சதுதான் கஷ்டமா இருக்கு.”

சொல்லியிருந்தால் கொடுத்திருப்பீர்களா என்று நான் கேட்டேன். “உங்க குடும்பத்த ஜெபத்துல வெச்சுக்கறேன்” என்றார். நாங்கள் சாவி கேட்டோம், ஜெபம் கிடைத்தது.

தெருவுக்கு வந்ததும் ஜெசிந்தா வெடித்தாள். “ஒரு மணி நேரம். ஒரே ஒரு மணி நேரம் பெஞ்சில உக்காந்திருக்க முடியாதா உங்களுக்கு?”

“ஒளிஞ்சு ஒக்காரவா இந்தத் தெருவுக்கு வந்தோம்? நடக்கறதுக்குத்தானே வந்தோம்?”

“அக்ரிமெண்ட்டுல கையெழுத்துப் போட்டுட்டு நாள் பூரா நடந்திருக்கலாமே!”

அவள் சொன்னது சரி. நான் சொன்னதும் சரி. மெர்லின் வந்து என் கையை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள். எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

டீக்கடை பாய் கடையை விட்டு இறங்கி வந்தார். நடந்தது அதற்குள் தெரு முழுக்கத் தெரிந்திருந்தது. “விடுங்க சார். இந்தத் தெருவுல இப்ப காலி இல்ல. ஆனா யாராச்சும் காலி பண்ணுவாங்க. ஒரு மாசம், ரெண்டு மாசம் டைம் குடுங்க, நானே பாத்து சொல்றேன்” என்று என் நம்பரை வாங்கிக்கொண்டார். குடித்த டீக்குக் காசு வாங்க மறுத்தார். அவரிடம் தெரு இருந்தது, எங்களிடம் ஒரு மாதம் இல்லை. ஒரு வாரத்தில் ஜெசிந்தா வேலையில் சேர வேண்டும்.

அங்கேயே நின்றுகொண்டு அவள் வெள்ளானூர் மேனேஜருக்குப் போன் போட்டாள். அவர் ரொம்ப சந்தோஷப்பட்டார். மாலைக்குள் முன்பணம் அனுப்பியாகிவிட்டது. அந்த ஊரில் என்னை மனப்பூர்வமாக ஏற்றுக்கொண்ட வீடு, வெளியே போக வழியில்லாத வீடு ஒன்றுதான்.

இதை வெள்ளானூரிலிருந்து எழுதுகிறேன். மழைக்காலம் தொடங்கிவிட்டது. மேனேஜர் சொன்னதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. லிஃப்ட் பேசுகிறது. டிராக் வழவழவென்று இருக்கிறது, ஒரு கல் தடுக்காது. நாலு பிளாக்கையும் சுற்றிக்கொண்டு போய், புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து விட்டுவிடும். வழியில் டீக்கடை இல்லை, மில் இல்லை, ஒதுங்கிப்போகும் சைக்கிள் இல்லை. எதிரே வருகிறவர்கள் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு வருகிறார்கள். டீ செயலியில் வருகிறது, ஆறிப்போய். ஞாயிற்றுக்கிழமைகளில் மெர்லின் என்னை ஆட்டோவில் வைத்து ஆவடிக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தாள். இரண்டு வாரம் கூட்டிப்போனாள். இப்போது அவளுக்கு ஞாயிறு டியூஷன். அதில் எனக்கு வருத்தமில்லை, அவள் போக வேண்டும்.

பூந்தமல்லி பாய் ஒரு தடவை போன் செய்தார். தெருவில் ஒரு வீடு காலியாகிறதாம். இங்கே பதினோரு மாத ஒப்பந்தம், நடுவில் கிளம்பினால் முன்பணம் திரும்பாது, மெர்லினுக்குப் பள்ளியும் நடுவில். “அடுத்த வருசம் பாக்கலாம் பாய்” என்றேன். “சரி சார், மில்லுகாரன் உங்கள கேட்டுகினே கீறான்” என்றார். ஒரே ஒரு தடவை நடந்துபோனவனை.

சாயங்காலம் வெயில் இறங்கியதும் செருப்பை மாட்டுகிறேன். திண்டுக்கல்லில் அந்தச் சத்தம் கேட்டதும் ஜெசிந்தா “எங்க போறீங்க?” என்பாள் என்று சொன்னேன் அல்லவா? இங்கே வந்த முதல் வாரம் பழக்கத்தில் அப்படித்தான் கேட்டாள். கேட்டுவிட்டு அவளே நிறுத்திக்கொண்டாள். இப்போதும் அடுப்படியிலிருந்து குரல் வருகிறது. “இன்னைக்கு எத்தனை சுத்து?” என்று கேட்கிறாள்.